வாசிக்க முடியாத எழுத்துகள்

திருப்பூரின் அச்சுப் பட்டறைகளில் நீண்ட மேசைகள்மீது பனியன் துணியை விரித்து, எழுத்துகளையும் படங்களையும் பதிக்கின்றனர். பதிக்கும் தொழிலாளர் பலருக்கு அவ்வெழுத்துகளின் பொருள் தெரியாது. செருமானியச் சொல்லாயினும் பிரெஞ்சு வாசகமாயினும், அவருக்கு அது வளைவும் கோடும் வண்ணமுமே. விளிம்பு பிசகாமல் விழுந்ததா, ஒரு வண்ணத்தருகே மறு வண்ணம் சரியாக அமர்ந்ததா என்பதே அவருடைய கவலை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையை நம் பகுதி மக்கள் பிறரினும் எளிதாக அணுகலாம் என நாம் கருதுவது இதனாலேயே.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில், மலையாளக் குடும்பமொன்றில் பிறந்தார். திருப்பூர் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஊரே. சென்னைக் கலைப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957-இல் தம் ஆசிரியர் வகித்த முதல்வர் பதவிக்கே வந்தார்.

பதவியைவிட நம்மை ஈர்ப்பது வேறொன்று. படித்து வெளியேறும் மாணவர்கள் கலையைக் கைவிட்டு ஏதேனும் வேலைக்குச் சென்றுவிடுவதை அவர் கண்டார். ஓவியம் விற்று உண்ண இயலாத காலம் அது. அவரும் மாணவர்களும் கைவினைப் பொருள்கள் செய்து விற்கத் தொடங்கினர். அவற்றுள் முதன்மையானது பாட்டிக் துணி. உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு மூடிய இடத்தில் நிறம் ஏறாது. பின் மெழுகை நீக்கினால் ஓவியம் வெளிப்படும். சாயத்தோடு வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு ஈட்டிய பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கப்பட்டு, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது.

பாட்டிக்கைப் பிழைப்புக்கான துணைத்தொழில் என்று ஒரு வரியில் கடந்துவிடுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. அரசையோ செல்வந்தரையோ நம்பி நில்லாமல், தம் கைகளின் உழைப்பால் ஓவியர்கள் தங்களுக்கென ஓர் ஊரை அமைத்துக்கொண்டது, அவர்கள் தீட்டிய எந்த ஓவியத்துக்கும் குறைந்ததன்று.

‘சொற்களும் குறியீடுகளும்’ 1963-இல் தொடங்கியது. பார்த்தவுடன் பழைய ஓலைச்சுவடியோ ஜாதகக் கட்டமோ நினைவுக்கு வரும். மலையாளத்தை ஒத்த எழுத்துகள், கணிதக் குறிகள், சிறு உருவங்கள் யாவும் நெருக்கமாக நிறைந்திருக்கும். வாசிக்க முயன்றால் ஒன்றும் கிட்டாது. அதில் மறைபொருளைத் தேடுவோரும் உளர். அம்முயற்சி வீண் என்றே நமக்குத் தோன்றுகிறது. சோதிடத்தின் வடிவத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார், சோதிடத்தை அன்று. ஐரோப்பிய நவீன ஓவியத்தை 1954-ஆம் ஆண்டுப் பயணத்தில் நேரில் கண்ட பின்னும், அதைப் பின்பற்றாது நம் மண்ணின் கையெழுத்திலிருந்தே ஒரு புதிய ஓவியத்தைப் பிறப்பிக்க முடியும் என்று காட்டினார். அது பெரிய துணிவு.

எனினும் நம் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லவேண்டும். அவருடைய தொடக்ககால ஓவியங்களில் எளிய மனிதர் உண்டு. அவர்களுடைய உடலின் களைப்பும் உண்டு. பிற்கால எழுத்துக் காட்டுக்குள் மனித முகம் சிறுத்துப் பெரிதும் மறைந்துபோகிறது. அந்த வரிசையின் இறுதிப் படைப்புகள் சிலவற்றில், கண்டடைந்த வழி ஒரு பழக்கமாகிவிட்டதோ என்ற ஐயமும் எழுகிறது. வண்ணம் குறையவில்லை, ஒழுங்கும் குலையவில்லை. ஆனால் எழுதும் கை மட்டும் தெரிகிறது, எழுதுபவர் தெரியவில்லை.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த கூடத்தில் அவருடைய ஓவியங்களைக் காணலாம். திருப்பூரிலிருந்து இரயிலில் ஓர் இரவுப் பயணந்தான். அச்சு மேசையருகே நாளெல்லாம் நிற்கும் ஒருவரை அங்கே அழைத்துச் சென்று, அந்த விளிம்புகளைக் குறித்து அவர் என்ன சொல்வார் என்று கேட்க நமக்கு ஆவல்.