அகஸ்டீன் திருடிய பேரிக்காய்

கிறிஸ்தவ மதம் வந்து கிரேக்க, ரோமானியக் கலாசாரத்தை அழித்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். இல்லை, மடாலயத்துத் துறவிகள்தான் பிரதி செய்து அதைக் காப்பாற்றினார்கள் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் ஓரளவுக்கு வாஸ்தவம்தான். ஆனால் விஷயம் அத்துடன் முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அகஸ்டீன் ஒருவரை எடுத்துக்கொண்டாலே போதும்.

அவர் 354-இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். பேச்சுக்கலை கற்பித்துப் பிழைத்தவர். இளமையில் ஸிஸெரோவின் ‘ஹார்டென்ஸியஸ்’ என்ற நூலைப் படித்ததும்தான் தம் மனம் ஞானத்தின் பக்கம் திரும்பியது என்று எழுதியிருக்கிறார். அந்த நூல் இன்று இல்லை. பிறர் மேற்கோள் காட்டிய துண்டுகளே மிச்சம். அவற்றில் பல அகஸ்டீன் காட்டியவை.

ஸிஸெரோவின் ‘குடியரசு’ நூலின் கதை இன்னும் விசித்திரமானது. 7-ஆம் நூற்றாண்டில் அதன் தோலேடுகளில் இருந்த எழுத்தை அழித்துவிட்டு, சங்கீதங்களுக்கு அகஸ்டீன் எழுதிய விளக்கத்தை அவற்றின்மேல் எழுதினார்கள். 1819-இல் வத்திகான் நூலகத்தில் ஆஞ்ஜெலோ மாய் என்ற பாதிரியார் அடியில் மங்கிக் கிடந்த எழுத்தைக் கண்டுபிடித்தார். அழித்ததும் மீட்டதும் ஒரே திருச்சபை.

ஆனால் முக்கியமான மாறுதல் ஏடுகளில் நடந்தது அல்ல. அகஸ்டீன் 400-ஐ ஒட்டி எழுதிய ‘கன்பெஷன்ஸ்’ என்ற சுயசரிதையைப் பாருங்கள். வர்ஜிலின் காவியத்தில் காதலுக்காக உயிர்விட்ட டைடோவுக்காகச் சிறு வயதில் அழுததை நினைத்து வெட்கப்படுகிறார். தம் ஆத்மாவின் அழிவுக்காக அழவில்லையே என்பது அவருக்குக் குறை. இலக்கியத்தை நேசிக்கிறவனுக்கு இது கசக்கத்தான் செய்யும். ஆனால், ஏன் அழுதோம், மேடையில் பிறர் துயரத்தைப் பார்ப்பதில் ஏன் இன்பம் என்று துருவித் துருவிக் கேட்கவைத்தது அந்த வெட்கம்தான்.

பதினாறு வயதில் சிநேகிதர்களோடு பேரிக்காய் திருடியதை அவர் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசிக்குத் திருடவில்லை, காய்களைப் பெரும்பாலும் பன்றிகளுக்குத்தான் எறிந்தார்கள். பழைய மரபில் உயர்ந்த நடை அரசர்களுக்கும் வீரர்களுக்கும் உரியது; இத்தகைய அற்ப விஷயத்துக்கு ஹாஸ்ய நாடகத்தில்தான் இடம். எந்த மனிதனின் எந்தச் சிறு பாவமும் கடவுளுக்கு முக்கியம் என்று நம்பியவர்தான் அதை இவ்வளவு கனமாக எழுத முடியும். எழுதியதோ ஸிஸெரோவிடம் பழகிய லத்தீனில்.

நாவல் என்று நாம் இன்று படிப்பதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது என்பது என் கட்சி. ‘ஹார்டென்ஸியஸ்’ தொலைந்ததற்கு இது ஈடாகுமா என்றால், ஆகாது. நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் லாபத்தையும் கணக்கில் எழுதாமல் விடுவது நியாயம் ஆகாது.