திருப்பிச் சொன்னால் போதுமா?

நெல்லைச் சீமைக்கு விமானம் என்றால் வாகைக்குளம்தான். பெயர் தூத்துக்குடி விமான நிலையம். ஆனால் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரத்துக்காரர்களும் சென்னைக்குப் பறப்பது அங்கிருந்துதான். 1,350 மீட்டர் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டும் விரிவாக்கத்தில் கட்டிய புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. ஏடிஆர் சிறு விமானங்கள் வந்த இடத்துக்கு இனி பெரிய ஜெட்களும் வரலாம். ஓடுபாதையின் நீளத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். தரையிறங்கும்போது விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்ளும் முறையையும் எடைபோட்டாக வேண்டும்.

அந்த முறையின் உயிர் 'ரீட்பேக்'. உயரம், ஓடுபாதை எண், இறங்கும் அனுமதி என்று கோபுரம் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'ரோஜர்' செல்லாது. கோபுரம் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, பிழையிருந்தால் திருத்த வேண்டும். ரயில்வே கேட்டுக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் இடையே 'பிரைவேட் நம்பர்' வாங்கிக் குறித்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது. செலவில்லாதது, உலகம் முழுவதற்கும் பொதுவானது. எண்ணைத் தவறாகக் கேட்கும் பிழை அன்றாடம் இதனால்தான் அங்கேயே பிடிபடுகிறது. இதைக் கைவிடச் சொல்பவர் யாரும் இல்லை, நானும் இல்லை.

ஆனால் அது சரிபார்ப்பது சொல்லைத்தான், விமானம் இருக்கும் நிலையை அல்ல. 1996 நவம்பர் 12 அன்று டெல்லியில் இறங்க வந்த கசக் விமானத்துக்கு 15,000 அடியிலேயே நிற்கும்படி உத்தரவு. அதை ஏற்றுப் பதில் சொன்னவர் தனி ரேடியோ ஊழியர். அவர் முன்னால் உயரமானி கிடையாது. விமானிகளுடையதை எட்டித்தான் பார்க்க வேண்டும். வானொலியில் பதில் ஒழுங்காகவே வந்தது, விமானமோ இறங்கிக்கொண்டே இருந்தது. டெல்லியின் அன்றைய ரேடார் உயரத்தைக் காட்டாது. 14,000 அடியில் எதிரே வந்த சவூதி ஜம்போவோடு சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதியதில் 349 பேர் மாண்டார்கள். அதன் பிறகே மோதல் எச்சரிக்கைக் கருவி இந்தியாவில் கட்டாயமானது. 2008 முதல் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் உலக அளவில் ஆங்கிலத் தேர்ச்சி நிலையும் வந்தது.

மொழி சரியாக இருந்தும் கெட்ட கதை மங்களூருடையது. 2010 மே 22 காலை, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் இருக்க வேண்டியதைவிட வெகு உயரத்தில் ஓடுபாதையை நெருங்கியது. அங்கே ரேடார் பழுதாகியிருந்தது. வழிகாட்டிக் கற்றையைப் பிடித்துவிட்டீர்களா என்று கோபுரம் கேட்டது; ஆம் என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியைத் தூண்டினார். இறங்க அனுமதி கிடைத்தது. 158 உயிர்கள் போயின. கோபுரம் விதியை மீறவில்லை. ஆனால் 'ஆம்' என்ற ஒரே சொல்லில் கடந்துவிடக்கூடிய கேள்வியாக அது அமைந்தது. "இப்போது உயரம் என்ன, தூரம் என்ன?" என்று கேட்டிருந்தால் விமானி உயரமானியைப் பார்த்து எண்ணைச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணே கோபுரத்தை உஷார்ப்படுத்தியிருக்கும். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அனுப்பும் மேல்காற்றின் வேகம் காற்றாலைச் சிறகுகளைப் பார்க்கும் எவருக்கும் தெரியும். ஆனால் கோபுரம் சொல்லும் காற்றின் திசையையும் வேகத்தையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேரைப் பலிகொண்ட விமானமும் பின்காற்றோடு இறங்கியதுதான்.

குறுஞ்செய்தியாக உத்தரவு அனுப்பும் வசதி கடல்மேல் நெடும்பயணத்துக்குப் பொருந்தும். தரைக்குச் சில நூறு அடி இருக்கும்போது தட்டச்சைப் படிக்க யாருக்கு நேரம்? கடைசி நிமிடங்களில் குரல்தான் துணை. ஆகவே குரலைக் கூர்மையாக்குவதே வழி. வாகைக்குளத்தில் பெரிய விமானங்கள் இறங்கத் தொடங்குமுன், உயரத்தையும் தூரத்தையும் எண்ணாகக் கேட்டு வாங்கும் பழக்கத்தையும், பலத்த காற்றுக் காலத்தில் காற்றின் வேகத்தைத் திருப்பிச் சொல்லவைக்கும் பழக்கத்தையும் விமான நிலைய ஆணையம் அங்கே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.