இரும்புக்கு ஏன் இந்தப் புகழ்?

வலிப்புற்று வீழ்கிறான் கதைத்தலைவன். ஓடி வந்தோர் அவன் கையிலே சாவிக்கொத்தைத் திணிக்கின்றனர். உடனே எழுகின்றான்! திரைப்படங்களில் எத்தனை முறை கண்டோம் இக்காட்சியை!

பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் நடப்பதைத்தானே காட்டினோம் என வாதிடுவர். நடப்பதைக் காட்டுக, பலித்ததாக ஏன் காட்டுகிறீர்? மூளை நரம்பணுக்களின் மின்துடிப்பு கட்டுக்கடங்காது பொங்குவதே வலிப்பு. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கும். அடங்கும் வேளையில் கையில் இருந்தது இரும்பு; ஆகவே புகழும் இரும்புக்கு!

மெய்க்காரணங்களோ கதையில் ஏறுவதில்லை. பேறுகாலத்தில் குழந்தையின் மூளைக்கு உயிர்க்காற்றுக் குறைதல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், மூளையில் தங்கும் நாடாப்புழுக் கூடு ஆகியன அவை. வேலூர் மாவட்டத்தில் ஆய்ந்து 2006-இல் வெளியிட்ட மருத்துவர்கள், வலிப்பு நோயாளரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இப்புழுவே காரணம் எனக் கண்டனர். பன்றி உண்போர் பிணி என்று பழிப்பது எளிது. ஆனால், வலிப்பைத் தரும் புழுமுட்டை பரவுவது மனித மலத்தால். கழுவாத கீரை வழியே மரக்கறி உண்பவரையும் பற்றும். சாதி பாராத புழு!

மாத்திரையை நிறுத்துதல், உறக்கம் கெடுதல், மது ஆகியன வலிப்பைத் தூண்டும்.

தாமே வலிப்புற்ற தாஸ்தயெவ்ஸ்கி, ‘அசடன்’ புதினத்தில் அந்நோயுடைய மிஷ்கினை மனிதனாகவே நடமாடவிட்டார். வலிப்பை மணத்துக்குத் தடையாக வைத்திருந்த இந்து திருமணச் சட்டமும் 1999-இல் திருந்திற்று. நம் கதை என்று திருந்தும்?

எழுதுவோரே! விழுந்தவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர். ஐந்து நிமிடம் கடந்தால் 108-ஐ அழையுங்கள். அக்காட்சி ஓர் உயிரைக் காக்கும்!