தண்டவாளத்தை ஒட்டி நடந்தவர்கள்

சென்னையில் டிராம் ஓடிய காலத்தைப் பற்றி எழுதப்படுகிற கட்டுரைகளில் எல்லாம் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். மயிலாப்பூர் லஸ்ஸிலோ திருவல்லிக்கேணியிலோ ஏறுகிறார். பாரிமுனையில் இறங்குகிறார். கையில் குடை, மடித்த செய்தித்தாள். ஐகோர்ட்டிலோ கம்பெனி ஆபீஸிலோ உத்தியோகம். ஜன்னல் வழியே மவுண்ட் ரோட்டைப் பார்க்கிறார், அவருடைய பேரன் அதை நினைத்துப் பெருமூச்சு விட்டு எழுதுகிறார். நாம் படிக்கிறோம். ஆகஸ்டு மாதம் வந்தால் போதும், நகரத்தின் பிறந்த நாள் என்று சொல்லி இந்தப் பெருமூச்சு பத்திரிகைக்குப் பத்திரிகை கிளம்பிவிடும்.

தகவல்களில் எனக்குத் தகராறு கிடையாது. 1895 மே 7ஆம் தேதி ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான், கல்கத்தாவில் குதிரை இழுத்துக்கொண்டிருந்த காலம். முதலில் மின்கம்பி தரைக்கு அடியில் போனது, மழைக்குத் தாங்காமல் பிறகு தலைக்கு மேலே ஏறியது. 1921 வாக்கில் 97 வண்டிகள், 24 கிலோமீட்டர் பாதை. 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு நின்றது. கம்பெனி நஷ்டத்தில் இருந்தது, ராஜாஜி ஆட்சி அதைக் கையேற்கவில்லை. (அதே 1953இல் அதே ஆட்சி குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. வண்டி நின்ற வருஷம் நினைவில் இருக்கிறவர்களுக்கு இது மட்டும் ஏனோ மறந்துபோகிறது.)

என் தகராறு வேறு இடத்தில். இந்தக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும். டிராம் சாதி பார்க்கவில்லை, காசு கொடுத்தவன் எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தான், தீண்டாமை அங்கேயே உடைந்தது என்று. இடதுசாரித் தோழர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இது மார்க்ஸிடமிருந்து வந்தது. ரயில் பாதை கொண்டுவரும் நவீன தொழில், சாதி நிற்கிற பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று அவர் 1853இல் எழுதினார். பார்க்காமல் தூரத்திலிருந்து எழுதியவரை மன்னிக்கலாம். இங்கேயே இருந்து பார்த்தவர்கள் அதையே திருப்பிச் சொல்வதை என்ன செய்வது?

புதுமைப்பித்தனிடம் போவோம். டிராமைத் தமிழ் இலக்கியத்தில் சாகாமல் வைத்திருப்பது அவர்தான். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற மூலையில் தொடங்குகிறது. பிள்ளைவாள் நின்று கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் ஒன்றே காலணா, மிச்சம் காலணாவுக்கு வெற்றிலை. பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றினால் அரைக் கப் காப்பி, வெற்றிலை கிடையாது. நகர்ப்புறக் கீழ் நடுத்தர வர்க்கத்தின் மொத்த வாழ்க்கையையும் ஒரு காலணாவுக்குள் மடித்து வைத்த எழுத்து அது. இத்தனை முறை படித்தும் எனக்குச் சிரிப்பு அடங்கியதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் சேர வேண்டுமானால் வாசகனுக்கு முதலில் ஒன்றே காலணா இருக்க வேண்டும். டிராமா பஸ்ஸா என்று தேர்வு செய்கிற இடத்தில் அவன் நிற்க வேண்டும். அந்த மூலையில் அதே நேரத்தில் நின்ற எத்தனை பேருக்கு அந்தத் தேர்வு இருந்தது?

கதையில் கடவுள் வருகிறார், இருவரும் காப்பி சாப்பிடுகிறார்கள், அப்புறம் ரிக்‌ஷா ஏறித் திருவல்லிக்கேணிக்குப் போகிறார்கள். கடவுளைப் பற்றித் தமிழில் எத்தனை கட்டுரை! அத்வைதம், நாத்திகம், அங்கதம் என்று பக்கம் பக்கமாக. கடவுளை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு ஓடியவனைப் பற்றி விமர்சகர்கள் என்ன எழுதினார்கள்? சென்னையில் கைரிக்‌ஷா இழுத்தவர்களில் நம் சேரிகளிலிருந்து போனவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். 1973 வரை இழுத்தார்கள், டிராம் போய் இருபது வருஷத்துக்குப் பிறகும். மின்சாரம் ஓடிய அதே ரோட்டில் அவனும் ஓடினான். நவீனம் வந்து மனித உழைப்பை விடுவித்தது என்று வாசிக்கிறவர்கள், இந்த இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் உருண்டதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

புதுமைப்பித்தனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 1934இல் 'பொன்னகரம்' எழுதியவர் அவர். மில்லுக்குப் போகிற அம்மாளுவையும் ஜட்கா ஓட்டுகிற அவள் புருஷனையும் பார்த்தவர். ஆனால் அங்கே அவர் கண்ணுக்கு வறுமை தெரிந்த அளவுக்கு சாதி தெரியவில்லை என்பது என் வாசிப்பு. ஒரே நகரத்தைப் பற்றிய அந்த இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் டிராம் எந்தப் பக்கம் இருந்தது என்பது புலப்படும்.

காலணா என்றதும் எனக்கு வேறொரு காலணா ஞாபகம் வருகிறது. ராயப்பேட்டையிலிருந்து 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்'. விலை பெயரிலேயே இருக்கிறது. அந்த ஒரு பைசாதான் காலணா. 1943இல் பிள்ளைவாள் வெற்றிலைக்கு மிச்சம் பிடித்த அதே நாணயத்துக்கு, முப்பத்தாறு வருஷம் முன்பு அதே நகரத்தில் ஒரு வாரப் பத்திரிகை விற்றிருக்கிறது. பண்டிதர் யாருக்காக அந்த விலை வைத்தார் என்று யோசியுங்கள். டிராம் ஏறுகிறவனிடம் மிஞ்சுகிற காசும், ஏறாதவனிடம் இருக்கிற முழுக் காசும் அது. ராயப்பேட்டை டிராமைப் பற்றி எழுதுகிறவர்கள் மணிக்கூண்டைச் சொல்கிறார்கள். பண்டிதரைச் சொல்வதில்லை.

பெரம்பூர் பக்கம் வருவோம். 1921இல் பக்கிங்காம் கர்னாடிக் மில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த நேரத்தில் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் முன்வைத்த தீர்வு, ஆதிதிராவிடரை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைப்பது! எம்.சி. ராஜா அந்தக் கட்சியோடு முறித்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 97 வண்டிகளோடு டிராம் உச்சத்தில் ஓடியதாகப் பெருமைப்படுகிறார்களே, அதே 1921தான். நகரத்துக்குள் எல்லோரையும் ஒரே பெஞ்சில் ஏற்றிய வண்டி என்கிறார்கள். அதே வருஷம் நகரத்தை விட்டே போ என்றார்கள். செட்டியார் பெயரில் நகரத்துக்குள்ளேயே ஒரு தியாகராய நகர் வந்தது, அங்கே ஜவுளி வாங்க நாமும் போகிறோம்.

இன்னொன்று. ரெட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, பொது அலுவலகம் எதுவானாலும் தாழ்த்தப்பட்டவர் உட்பட எவரும் போகலாம், பயன்படுத்தலாம் என்று. மின்சார டிராம் வந்து 29 வருஷம் ஆன மாகாணத்தில், தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம். ராமநாதபுரத்தில் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவரை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று மிரட்ட வேண்டியிருந்தது. வண்டிக்கு சக்கரம் இருந்தது, எஞ்சின் இருந்தது, டிக்கெட் இருந்தது. சாதியை இறக்கிவிட அதெல்லாம் போதவில்லை, உத்தரவு வேண்டியிருந்தது. "அது கிராமம், இது பட்டணம்" என்று பதில் வரும். பட்டணத்தில் பிள்ளைவாள் இறங்குகிற திருவல்லிக்கேணியில்தானே 1957இல் 'பிராமணாள்' போர்டை எடுக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது? டிராம் போய் நாலு வருஷம், போர்டு போகவில்லை.

2010இல் வந்த 'மதராசபட்டினம்' படத்தில் டிராமைத் திரும்ப ஓடவிட்டார்கள். அழகாகத்தான் ஓடியது. கதாநாயகன் சலவைத் தொழிலாளி என்பதில் எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கைகூட வந்தது. ஆனால் அவனுடைய பட்டணம் கவர்னர் மகள் பார்த்து வியப்பதற்கான பட்டணமாகவே மிஞ்சுகிறது. செட்டு போட்டவரின் உழைப்புக்கு ஒரு கும்பிடு, வேறென்ன சொல்ல.

என் ஆயா புளியந்தோப்பு. கொத்தவால் சாவடி பக்கம் தானிய மண்டியில் புடைக்கிற வேலை. விடியாத நேரத்தில் கிளம்பி வால்டாக்ஸ் ரோடு வழியாக நடை, பொழுது சாய்ந்து திரும்ப நடை. டிராமைப் பற்றி இந்தப் பெருமூச்சுக் கட்டுரை ஒன்றை ஒருமுறை அதற்கு வாசித்துக் காட்டினேன். காது நன்றாகக் கேட்ட காலம்.

"டிராமா? ரெண்டே வாட்டிதான் ஏறிகிறேன். டெய்லி ஏற துட்டு யாரு குடுப்பா? கூடய வெச்சிகினு ஏறவும் வுட மாட்டான். தண்டவாளத்த ஒட்டியே நடந்தா இருட்டுல வயி தப்பாது, அதான் அதால எங்களுக்கு ஒபகாரம்."

ஏறின அன்னைக்கு எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்டேன்.

"குந்தல. ஓரமா கம்பியப் புடிச்சிகினு நின்னேன்."

யாராவது உட்காராதே என்றார்களா?

"யாரும் ஒண்ணும் சொல்லல. நாங்களா குந்த மாட்டோம்."

எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். தடை போட்ட பலகை இருந்தால் ஆவணக் காப்பகத்தில் அது கிடைக்கும், ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டுவார். நாங்களா குந்த மாட்டோம் என்பதற்கு எந்தக் கோப்பு இருக்கிறது? நம் எழுத்து வேலை அங்கேதான் இருக்கிறது. நகர வரலாறு எழுத வருகிற நம் மாணவர்களுக்குச் சொல்கிறேன், கம்பெனிக் கணக்குப் புத்தகத்தைத் தேடிப் போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற கிழவியிடம் கேளுங்கள். நான் கொஞ்சம் தாமதமாகக் கேட்டேன்.

இப்போது மெட்ரோ ஓடுகிறது, 2015லிருந்து. ஏ.சி. பெட்டி, பளபளப்பு. அதற்கும் இதே வாக்கியத்தை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கூவம் கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட நம் சனங்களோ கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள், வேலை செய்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். 2015 வெள்ளத்துக்குப் பிறகு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் டிக்கெட் கிடையாது. செட்டியார் 1921இல் கேட்டதை அவருக்குப் பின்னால் வந்த எல்லாக் கொடியும் சேர்ந்து செய்து முடித்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது, வீட்டு வேலைக்குப் போகிற நம் பெண்களுக்குப் பெரிய காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் பெரும்பாக்கத்தில் அந்த பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இலவசத்தைப் பற்றிப் பேசுங்கள்.

ஆயா ரெண்டு வாட்டி என்றது. இரண்டாவது தடவை என் அப்பாவுக்குக் காய்ச்சல். குழந்தை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் பாதி வழியில் டிராம் ஏறியிருக்கிறது. இதை வேறொரு நாள், கேட்காமலே சொன்னது.

"கொயந்த மடில, கை நோவுது, குந்திட்டேன். பக்கத்துல இருந்த ஆளு டபக்குனு எய்ந்து நின்னுகினாரு. எடம் நெறைய கீது, அப்பவும் எய்ந்துட்டாரு. கொயந்த கீதுன்னு எய்ந்தாரா, நான் குந்திட்டேன்னு எய்ந்தாரா... பெரியாஸ்பத்திரி வர்ற வரிக்கும் அவுரு மூஞ்சியப் பாக்கல நானு."