மூலையைக் காற்றுக்கு விட்ட கட்டடம்

மும்பை கம்பாலா ஹில்லில் நிற்கும் காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணை இழுப்பது அதன் சுவரல்ல, சுவர் இல்லாத இடங்கள். அகலம் 21 மீட்டர், உயரம் அதைப்போல நான்கு மடங்கு, 84 மீட்டர். சதுரமாக விறுவிறுவென ஏறும் அந்த வெள்ளை உருவத்தின் மூலைகளில் ஆங்காங்கே இரண்டு மாடி உயரத்துக்குப் பெரும் வெட்டுகள். உள்ளே ஆழ்ந்த நிழல். வெயில் சாயச் சாய நிழல் நகரும். கட்டடத்தின் முகமும் மாறிக்கொண்டே இருக்கும்.

கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா இதை வடிவமைத்தார். 1983-இல் கட்டி முடித்தார்கள். அவர் எதிர்கொண்டது மும்பையின் பழைய சங்கடம். மேற்கே பார்த்த வீட்டுக்குக் கடலும் காற்றும் கிடைக்கும். ஆனால் பிற்பகல் வெயிலும் பருவமழைச் சாரலும் அதே வழியாகத்தான் வந்து அறையும். பழைய பங்களா கட்டியவர்கள் அறைகளைச் சுற்றித் தாழ்வாரம் இறக்கினார்கள். வெயிலும் சாரலும் அங்கேயே நின்றுவிடும்; காற்று மட்டும் உள்ளே வரும். மாடிமேல் மாடி அடுக்கத் தொடங்கியதும் அந்தத் தாழ்வாரம் துணி காயப்போடும் பால்கனியாகச் சுருங்கிப்போனது. கொரியா அதன் அகலமும் ஆழமும் குறையாமல் வானத்துக்குத் தூக்கிச் சென்றார். மூலைகளில் தெரியும் அந்த வெட்டுகள் இவைதான். செடி வைத்து, நாற்காலி போட்டு, குடும்பமே உட்காரலாம். மொத்தம் 32 வீடுகள். ஒவ்வொன்றும் கிழக்கு மேற்காக நீள்வதால் ஒருபுறம் நுழையும் காற்று மறுபுறம் வெளியேறுகிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது அந்த மூலைதான். பாரம் இறங்க வேண்டிய இடம் என்று நம் கண் பழகிய இடத்தில் தூணே இல்லை. தாழ்வாரத் தளங்கள் 6.3 மீட்டர் அந்தரத்தில் நீள்கின்றன. லிஃப்ட் ஓடும் நடுக்கூடுதான் காற்றின் தள்ளுதலுக்கு ஈடுகொடுக்கிறது. கான்கிரீட் ஊற்ற ஊற்ற அச்சுப் பலகையை மேலே நகர்த்தியபடியே அந்தக் கூட்டை முதலில் எழுப்பினார்கள். எல்லாக் கணக்கும் நடுவில் முடிந்துவிட்டதால் ஓரங்கள் விடுதலை பெற்றன.

வசதி படைத்தவர்களுக்கான வீடுகள்தான் இவை, மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டோடு திறந்தவெளியும் வேண்டும் என்ற சிந்தனை அவர்களோடு நின்றுவிடவில்லை. நவி மும்பை பேலாப்பூரில் கொரியா அமைத்த தாழ்ந்த வீடுகள் சிறு முற்றங்களைச் சுற்றி அமைந்தவை. வருமானம் கூடும்போது இன்னொரு அறை சேர்த்துக்கொள்ள அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த மண் இருந்தது.