வெட்டிய மரமும் உடைந்த கூஜாவும்

ஆறு வயது ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு சின்னக் கோடரி கிடைக்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிப் பார்க்கும் பையன், அப்பா ஆசையாக வளர்த்த செர்ரி மரத்தையும் பதம் பார்த்துவிடுகிறான். யார் செய்தது என்று அப்பா கேட்கிறார். பொய் சொல்ல வாய் வராமல் பையன் ஒப்புக்கொள்ள, அப்பா கோபத்தை மறந்து அவனைக் கட்டிக்கொள்கிறார்.

எட்டு வயது வொலோத்யா உறவினர் வீட்டுக்குப் போகிறான். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது மேசையில் மோதுகிறான். கண்ணாடிக் கூஜா விழுந்து நொறுங்குகிறது. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவனும் "நானில்லை" என்று சொல்லிவிடுகிறான். பல வாரங்கள் கழித்து, ஒருநாள் ராத்திரி படுக்கையில் விசும்பியபடி அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறான். இந்த வொலோத்யாதான் பின்னாளில் லெனின்.

முதல் கதையை எழுதியவர் மேசன் லாக் வீம்ஸ். பாதிரியார், ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்றவர். 1799 டிசம்பரில் வாஷிங்டன் காலமானதும் சுடச்சுட அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். மரம் வெட்டிய கதை அதில் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. ஆதாரம் எதுவும் கிடையாது. இரண்டாவது கதை லெனினின் அக்கா அன்னாவின் நினைவுக் குறிப்பிலிருந்து வந்தது, ஆகவே நடந்திருக்கலாம். மிகைல் ஸோஷென்கோ அதைச் சிறுவர் கதையாக்கினார். (அதே ஸோஷென்கோவை 1946இல் கட்சி தூற்றி, எழுத்தாளர் சங்கத்திலிருந்தே வெளியேற்றியது. அவர் வெளியேற்றப்பட்ட கதை எந்தச் சிறுவர் நூலிலும் ஏறவில்லை.) ஒன்றையொன்று குறிவைத்து நாற்பது ஆண்டுகள் அணுகுண்டுகளை அடுக்கிய இரண்டு நாடுகள், தங்கள் பிள்ளைகளுக்குத் தலைவரை அறிமுகப்படுத்தச் சொன்னது கிட்டத்தட்ட ஒரே கதை.

இரண்டையும் படிக்கும் ஒரு தமிழ்க் குழந்தைக்கு அமெரிக்காவைப் பற்றி என்ன தெரியவரும்? ரஷ்யாவைப் பற்றி? ஒன்றும் தெரியவராது. தப்பு செய்தால் அப்பா அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்பது தெரியவரும். அது நல்ல பாடம்தான். அதற்கு வாஷிங்டன் எதற்கு, பக்கத்து வீட்டுப் பையன் போதுமே.

நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சிகளில் "உலகத் தலைவர்கள்" வரிசை இல்லாத சிறுவர் நூல் கடை அபூர்வம். மெல்லிய புத்தகம், பளபளக்கும் அட்டை, நடுவில் இரண்டு பின். உள்ளே ஏழைக் குடும்பம், பாசமுள்ள தாய், விளக்கு வெளிச்சத்தில் படிப்பு, விடாமுயற்சி, போர் அல்லது சிறை, பதவி, மரணம், கடைசியில் பொன்மொழிகள். பெயரையும் ஊரையும் மாற்றினால் லிங்கன் புத்தகம் லெனின் புத்தகமாகிவிடும். தலைவரைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு நல்ல பிள்ளையின் அச்சைத்தான் காட்டுகிறோம். அந்த அச்சுக்குள் பொருந்தாததெல்லாம் உதிர்ந்துவிடுகிறது: அவருடைய நாடு, அவரோடு நின்றவர்கள், அவரை எதிர்த்தவர்கள், அவரால் அடிபட்டவர்கள்.

இதற்காக வழக்கத்தையே தூக்கி எறிய வேண்டியதில்லை. இன ஒதுக்கல் என்பதை எட்டு வயதுக் குழந்தைக்கு விளக்க எந்த அகராதியும் உதவாது. ஆனால் ராபன் தீவுச் சிறையில் மண்டேலாவுக்கு ஆரம்ப ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு கடிதம்தான் அனுமதி என்றும், அதிலும் தணிக்கை அதிகாரி பிடிக்காத வரிகளை நீக்கிவிடுவார் என்றும், பதினாறு வயது ஆகாத பிள்ளைகள் சிறையில் வந்து பார்க்க முடியாது என்றும் சொல்லிப் பாருங்கள். 1968இல் அம்மா இறந்தார், 1969இல் மூத்த மகன் சாலை விபத்தில் போனான். இரண்டு சாவுக்கும் அவரை விடவில்லை. "ஏன் விடலை?" என்று குழந்தை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் தென்னாப்பிரிக்காவுக்குள் போயாக வேண்டும். ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டுக்குள் நுழைவது குழந்தைக்கு இயல்பான வழி.

தலைவர் கதைகளுக்குச் சாட்சி சொல்ல லிங்கனையே கூப்பிடலாம். சிறுவனாக இருந்தபோது அவர் பக்கத்துப் பண்ணையாரிடம் வாஷிங்டன் வரலாற்றை இரவல் வாங்கினார். மழையில் புத்தகம் நனைந்து கெட்டுவிட்டது. விலைக்கு ஈடாக மூன்று நாள் வயலில் வேலை பார்த்துக் கழித்தார் என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1861 பிப்ரவரியில், பதவியேற்கப் போகும் வழியில், நியூ ஜெர்ஸி மேலவையில் பேசும்போது அவர் வீம்ஸின் புத்தகத்தை நினைவுகூர்ந்தார். கட்டுக்கதை கலந்த புத்தகம் ஒரு குடிசைப் பையனை எங்கோ கொண்டு சேர்த்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அன்று அவர் சொன்னது செர்ரி மரத்தை அல்ல. ஆற்றைக் கடந்து போய் டிரென்டனில் நடந்த சண்டையையும், அந்தக் குளிரில் சிப்பாய்கள் பட்ட பாட்டையும், அவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்றால் ஏதோ பெரிய விஷயத்துக்காகத்தான் இருக்க வேண்டும் என்று சிறுவயதில் தனக்குத் தோன்றியதையும்தான். புத்தகம் எதைப் போதிக்க நினைத்ததோ அது அல்ல, அதிலிருந்த வரலாறுதான் பையனிடம் தங்கியது.

அந்த லிங்கனுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் உயரத் தொப்பியும் ஒட்டுத்தாடியுமாக மேடையேறுவார். மரக்குடிசையில் பிறந்தேன், அடிமைகளை விடுவித்தேன் என்று நான்கு வரி ஒப்பித்துவிட்டு, கழன்றுவரும் தாடியை ஒரு கையால் பிடித்தபடி இறங்குவார். அந்தத் தாடிக்குக் காரணமே ஒரு சிறுமி என்பதை யாரும் அந்தக் குழந்தைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1860 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டிலிருந்து கிரேஸ் பெடல் என்ற 11 வயதுப் பெண் வேட்பாளர் லிங்கனுக்குக் கடிதம் போட்டாள். உங்கள் முகம் ஒட்டிப்போயிருக்கிறது, தாடி வைத்தால் எடுப்பாக இருக்கும்; பெண்களுக்குத் தாடி பிடிக்கும், அவர்கள் கணவர்களை நச்சரித்து உங்களுக்கு ஓட்டுப் போட வைப்பார்கள் என்பது சாரம். சில நாளிலேயே லிங்கன் பதில் எழுதினார். இதுவரை வைக்காத தாடியை இப்போது வைத்தால் அசட்டுத்தனமாகத் தெரியாதா என்று அவளிடமே கேட்டார். பிறகு வைத்தும் விட்டார். மறு ஆண்டு ரயில் வெஸ்ட்ஃபீல்டில் நின்றபோது அவளை விசாரித்து, கூட்டத்தில் கண்டு பேசினார்.

இந்த ஒரு கடிதத்தில் ஒரு வகுப்புக்கே வேலை இருக்கிறது. கிரேஸ் ஏன் "பெண்கள் உங்களுக்கு ஓட்டுப் போடுவார்கள்" என்று எழுதவில்லை? அவர்களுக்கு ஓட்டு இல்லை. வேறு யாருக்கு இல்லை? தலைவர் ஒருவரைப் பற்றிய கதை அந்த நாட்டைப் பற்றிய கேள்வியாக மாறும் இடம் இது. அதோடு, குழந்தை இங்கே தலைவரை அண்ணாந்து பார்க்கவில்லை; யோசனை சொல்கிறது.

உண்மையான இந்தக் கடிதம் இருக்க, நம் பள்ளிகளில் உலவுவது வேறொரு கடிதம். மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாகச் சொல்லப்படும் அது ஆசிரியர் தின உரைகளிலும் ஆண்டு மலர்களிலும் வாட்ஸ்அப்பிலும் ஆண்டுதோறும் தவறாமல் வரும். 1953இல் வெளியான லிங்கன் எழுத்துகளின் பெருந்தொகுப்பில் அது கிடையாது. மூலப்படி எங்கும் கிடைத்ததில்லை. ஆளும் பொருந்தவில்லை. லிங்கன் பிள்ளைகளைக் கண்டிக்கத் தெரியாத தகப்பன். அவருடைய வக்கீல் கூட்டாளி ஹெர்ண்டன், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகள் அலுவலகத்துக்கு வந்து புத்தகங்களை இழுத்துப் போட்டு, மையைக் கொட்டி அட்டகாசம் செய்வதையும் அப்பா கண்டுகொள்ளாமல் இருப்பதையும் பொருமிப் பொருமி எழுதியிருக்கிறார். நல்ல கருத்துதானே, யார் எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. யார் எழுதினால் என்ன என்றால் லிங்கன் பெயரை எடுத்துவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதுதானே சங்கதி.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. 1862 டிசம்பர் 26 அன்று மினசோட்டாவில் டகோட்டா பழங்குடியினர் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். ராணுவ நீதிமன்றம் சாவுத் தண்டனை விதித்த 303 பேரின் பட்டியலைப் பார்த்துப் பெரும்பாலோரை விலக்கியவரும் லிங்கன்தான், மிச்சத்துக்கு ஒப்புதல் தந்தவரும் லிங்கன்தான். ஆறு நாள் கழித்து, 1863 ஜனவரி 1இல், அடிமை விடுதலைப் பிரகடனம். இது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குரிய செய்தி. ஆறு வயதில் இதைச் சொல்லாமல் விடுவது பிழையல்ல. சொல்லாமல் விடுவது வேறு, மாற்றிச் சொல்வது வேறு.

மாற்றிச் சொன்னால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2016 ஜனவரியில் ஓர் உதாரணம் கிடைத்தது. வாஷிங்டனின் பிறந்தநாளுக்கு அவருடைய சமையற்காரர் ஹெர்குலிஸும் மகளும் கேக் செய்வதாக ஒரு படக்கதையை ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் வெளியிட்டது. சமையலறையில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஹெர்குலிஸ் அடிமை. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மாதமே நிறுவனம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிஜத்தில் ஹெர்குலிஸ் தப்பி ஓடியது 1797 பிப்ரவரி 22. அன்றைக்குத்தான் வாஷிங்டனுக்கு 65 வயது நிறைந்தது. அந்த ஆண்டு மவுண்ட் வெர்னன் பண்ணைக்கு வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி ஃபிலிப்பின் நாட்குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. அப்பாவை இனிப் பார்க்கவே முடியாதே, வருத்தமாக இல்லையா என்று ஹெர்குலிஸின் மகளை இளவரசரின் ஆள் கேட்டானாம். இல்லை, சந்தோஷம்தான், அப்பா இப்போது விடுதலையாகிவிட்டார் என்றாளாம் அவள். அவளுக்கும் ஆறு வயதுதான். கோடரிப் பையனின் கதை இருநூறு ஆண்டுகளாக ஓடுகிறது. இந்தப் பெண்ணின் கதைக்கு எந்த வரிசையிலும் இடமில்லை.

உயிரோடிருக்கும் தலைவர்களை முன்மாதிரியாக்கும் வழக்கம் இன்னும் ஆபத்தானது. 1991இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஆங் சான் சூச்சி ஒருகாலத்தில் எல்லாச் சிறுவர் வரிசையிலும் இருந்தார். 2019 டிசம்பரில் ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில், ரோஹிங்கியா மக்கள் மீதான கொடுமைகளுக்காகக் குற்றம் சாட்டப்பட்ட தன் நாட்டுக்காக அவரே நின்று வாதாடினார். 2021இல் அந்த நாட்டு ராணுவமே அவரை மீண்டும் சிறைவைத்தது. பாதியில் நிற்கும் வாழ்க்கைக்கு முற்றும் போட்ட புத்தகங்களை என்ன செய்வது? பொது அறிவு ஏடுகளின் "நாடு – தலைவர்" பட்டியலைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை; 2022இல் பிரிட்டனுக்கு மூன்று பிரதமர்கள், மனப்பாடம் செய்த பிள்ளைகள் பாவம்.

தமிழ்நாட்டில் உலகத் தலைவர்கள் புத்தகமாக வருவதற்கு முன் பெயராக வந்துவிடுகிறார்கள். லெனின், ஸ்டாலின், கென்னடி, நெப்போலியன், காஸ்ட்ரோ என்று வருகைப் பதிவேட்டில் வாசித்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் இறந்தது மார்ச் 5. இரங்கல் கூட்டத்தில் கருணாநிதி மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. பெயர் வைத்த பெற்றோரின் அரசியல் கனவு அதில் இருக்கிறது. கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப் பெயர் தாங்கிய பிள்ளை ஒருநாள் "யார் அவர்?" என்று கேட்கும்போது, ஸ்டாலின்கிராடில் ஹிட்லரின் படை முறியடிக்கப்பட்டதையும், 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் லட்சக்கணக்கானோர் செத்ததையும் ஒரே மூச்சில் சொல்லும் சிறுவர் நூல் நம்மிடம் வேண்டும்.

அப்படி எழுத முடியுமா என்றால், குறைகளோடு ஒருவர் எழுதிக் காட்டியிருக்கிறார். 1930 முதல் 1933 வரை சிறைகளிலிருந்து நேரு மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள் 1934இல் உலக வரலாறாக நூலாகின. செங்கிஸ்கானின் போர்த்திறனை அவர் வாய்பிளந்து வியக்கிறார். அந்தப் படை போன வழியில் நகரங்கள் சாம்பலானதையும் அதே கடிதத்தில் எழுதுகிறார். தலைவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். பின்னால் விவசாயிகளும் வியாபாரிகளும் பஞ்சங்களும் கப்பல்களும் இருக்கின்றன. இது என் கருத்து, நீ வேறு மாதிரி நினைக்கலாம் என்ற தொனியை விடுவதில்லை. லெனின் மேல் அவருக்கிருந்த மயக்கம் தெளிவாகத் தெரிகிறது என்பதும் உண்மை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இத்தனை கனமா என்று கேட்டாலும் நியாயம்தான்.

நம் பதிப்பாளர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தத் தலைவரை எதிர்த்த ஒருவருக்கு ஒரு பக்கமும், அவர் எப்படிப் பதவியை விட்டுப் போனார் என்பதற்கு ஒரு பக்கமும் கொடுத்தால் போதும். மண்டேலா 1999இல் ஒரே தவணையோடு விலகி வீட்டுக்குப் போனது, ஓவியருக்குப் படம் போட வாகாக இல்லை என்பதாலோ என்னவோ, ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. பக்கத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், கடைசியில் வரும் பொன்மொழிகளில் எவையெல்லாம் அந்தத் தலைவரே சொன்னவை என்று ஒருமுறை சரிபார்க்கட்டும். தேவைக்கு மேலேயே இடம் கிடைக்கும். லிங்கன் புத்தகமாக இருந்தால் கிரேஸ் பெடலின் கடிதத்தையும் அதில் சேர்த்து அச்சிடலாம்.