பெரிய ரயருக்காகப் பல் மாற்றலாமா?

பாக்கு விரிகுடாவைப் பார்த்தபடி கிடக்கும் பேசாலைக் கரையில், படகு ஏற்றிய ட்ரெய்லரை மணலிலிருந்து இழுக்கத் தன் பழைய ஹைலக்ஸுக்கு 33 அங்குல ரயர் போட நினைப்பவருக்கு இரண்டு ஆலோசனைகள் கிடைக்கும். ரயர் பெரிதானால் வண்டி புதையாது, அது போதும் என்பார் ஒருவர். டிபரன்சியலில் கிறவுண், பினியன் இரண்டையும் மாற்றாவிட்டால் வண்டி இழுக்காது என்பார் இன்னொருவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை பெரும்பாலும் முடங்கிக் கிடந்ததால், இருக்கிற வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது பலருக்குக் கட்டாயமாயிற்று. ஆகவே இந்தக் கேள்வி காசுக் கேள்வியும்தான்.

முதலில் கணக்கு. வண்டியில் இருந்தது 29 அங்குல ரயர், பின்னச்சு விகிதம் 4.10 என்று வைப்போம். 33 அங்குலம் போட்டால் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 14 வீதம் கூடுதல் தூரம் போகும். அதே முறுக்குவிசை நீண்ட ஆரத்தில் வேலை செய்வதால், தரையைத் தள்ளும் விசை 12 வீதம் குறையும். விகிதம் 3.60 ஆனதற்குச் சமம் இது. பழைய இழுவையை மீட்க 4.67 வேண்டும். அப்படியொரு சோடி கிடைக்காது. கிடைப்பவை 41க்கு 9 பல் உள்ள 4.56, 39க்கு 8 பல் உள்ள 4.88. முன்னது பழைய இழுவையில் 98 வீதத்தைத் திருப்பித் தரும், பின்னது 104 வீதத்துக்குச் சற்று மேலே போகும். நேர் கியரில் மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடினால், முன்பு 2,360 சுற்றில் இருந்த எஞ்சின் பெரிய ரயரோடு 2,080க்கு இறங்கும். 4.56 அதை 2,310க்கும், 4.88 அதை 2,470க்கும் ஏற்றும்.

இதுவரை பல் மாற்றச் சொல்பவர் பக்கமே நியாயம் இருக்கிறது. பாரத்தோடு கிளம்பும்போது கிளச் தேய்வதும் ஐந்தாம் கியரில் எஞ்சின் திணறுவதும் இந்த 12 வீத இழப்பால்தான். ஆனால் அவருடைய வாதம் தார் வீதியில் நிற்கும், மணலில் நிற்காது. ஈர மணலில் வண்டி நிற்பது பெரும்பாலும் எஞ்சினுக்கு வலு போதாததால் அல்ல, ரயருக்குப் பிடி போதாததால். பழைய ஹைலக்ஸில் லோ கியர் விகிதம் 2.28. அதைப் போட்டால் பெரிய ரயரோடும் மொத்தக் குறைப்பு 8.2 வரும், சாதாரண ஓட்டத்தின் இருமடங்கு. அந்த வலுவே சில்லைச் சுழற்றி மணலைத் தோண்டப் போதும். மேலும் பல் வலு சேர்த்தால் குழி ஆழமாகும், அவ்வளவுதான்.

பிடியைக் கூட்டுவது காற்று. 35 பி.எஸ்.ஐ. உள்ள ரயரை 18க்கு இறக்கினால் தரையில் படியும் தடம் நீளும், பாரம் பரவும். செலவு எதுவும் இல்லை. ஆனால் மெதுவாக ஓட்ட வேண்டும், கூர்மையாகத் திருப்பக்கூடாது, தலைமன்னார் வீதியில் ஏறுமுன் மறுபடி காற்றடிக்க வேண்டும்.

பெரிய சில்லு குற்றமல்ல என்பதற்கு உழவு இயந்திரமே சாட்சி. ஆளின் இடுப்பைத் தாண்டும் பின்சில்லோடு அது இழுக்கிறது, ஏனெனில் முதல் கியரில் மனித நடையை விட மெதுவாகப் போகும்படி அதன் கியர்கள் அமைந்திருக்கின்றன. லாண்ட் ரோவர் நிறுவனமும் 1968இல் ஒரு தொன் வண்டிக்கு 9.00-16 ரயரைக் கொடுத்தபோது, துணைக் கியர்ப்பெட்டியின் விகிதத்தையும் தாழ்த்தித்தான் கொடுத்தது. ரயரையும் விகிதத்தையும் ஒரே கணக்காகப் பார்ப்பதே தொழிற்சாலை வழக்கம்.

பல் மாற்றுவதன் விலையையும் சொல்லியாக வேண்டும். நாலு சில்லும் இயங்கும் வண்டியில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், பிடி உள்ள தரையில் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கி உடைக்கும். ஆகவே செலவு இரட்டிப்பு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்கினாலும் கிறவுணும் பினியனும் ஒன்றாக ஓடிப் பழகிய சோடியாக இருக்க வேண்டும். பல்லிடைவெளியும் பற்கள் பொருந்தும் தடமும் தவறினால் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் போகும். 4.88இன் பினியன் சிறியது, பல்லும் குறைவு, அதிர்ச்சி தாங்கும் திறனும் குறைவு. போதாததற்குக் கடல்: சூடான அச்சைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, மூச்சுத்துளை வழியாக உப்புநீரை இழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்தால் புதுப் பல்லும் பழசாகும். பிறேக்கிலும் ரயர் எடுத்த 12 வீதத்தை எந்தப் பல்லும் திருப்பித் தராது.

ஆகவே தீர்ப்பு இது. கரையில் படகு இழுப்பது மட்டுமே வேலை என்றால் 33 அங்குலமும் வேண்டாம், பல் மாற்றமும் வேண்டாம்: பழைய அளவு ரயர், காற்றுக் குறைப்பு, லோ கியர் போதும். 31 அங்குலம் வரை போனாலும் அதுவே. 33 ஏற்கெனவே ஏறிவிட்டது, மீன் ட்ரெய்லரோடு மதவாச்சிப் பக்கம் அடிக்கடி ஓட வேண்டும் என்றால், இரண்டு அச்சிலும் 4.56, கூடவே மூச்சுத்துளைக்கு உயரமான குழாய். பேசாலையிலிருந்து அந்தப் பாதை தட்டையானது, 4.88க்கு அங்கே வேலை இல்லை. லோ கியரே இல்லாத, இரண்டு சில்லே இயங்கும் வண்டிக்கு மட்டும் அதைப் பரிசீலிக்கலாம், அதுவும் அந்த வண்டியை விற்றுவிட முடியாது என்றால்.